கேட்காமலே மேளம் கொட்டிய கீபோர்டு

வாரத்தில் ஆறு நாள் என் விரல்கள் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் லாரி எண்ணையும் சீல் எண்ணையும் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவற்றுக்கு வேறு வேலை. ராயபுரத்தில் எங்கள் கோயில் பாடகர் குழுவுக்கு நான்தான் கீபோர்டு வாசிக்கிறேன்.

பழைய கீபோர்டின் வயிற்றுக்குள் எலி குடும்பம் நடத்திவிட்டுப் போனது. மே மாதம் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளை உடுப்பும் மெழுகுவர்த்தியுமாகப் பிள்ளைகள் வரிசையில் வரும்போது வாத்தியம் இல்லாமல் எப்படி? குழுவில் எல்லாரும் கையிலிருந்ததைப் போட்டு வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் புதுசாக ஒன்று வாங்கினோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் எங்கள் மாஸ்டர். பாடகர் குழுவின் தலைவரை அப்படித்தான் கூப்பிடுவோம். காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். ஓடுகிற இன்ஜினுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய குரல். அவர் என் காதில் ரகசியம் சொன்னால் பீடத்தில் நிற்கிற ஃபாதர் திரும்பிப் பார்ப்பார்.

முதல் ஞாயிறே அது வேலையைக் காட்டியது. வருகைப் பாட்டு முடிந்து நான் கையை எடுத்துவிட்டேன். ஒரு ஸ்வரம் மட்டும் நிற்கவில்லை. ‘ஙீ…’ என்று கோயில் முழுக்க நீண்டுகொண்டே இருந்தது. நான் அந்தக் கட்டையைத் தட்டினேன், நெம்பினேன், ஊதிக்கூடப் பார்த்தேன். ஃபாதர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். பிறகு வேறு வழியில்லாமல் அதே சுருதியைப் பிடித்துக்கொண்டு மன்றாட்டை ராகமாகவே பாட ஆரம்பித்தார். சனங்களும் அதே சுருதியில் ஆமென் சொன்னார்கள். அன்றைக்குப் பூசை மிக உருக்கமாக இருந்ததென்று வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கடையில் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாவது கீபோர்டு பயிற்சியில் தங்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்த கூட்டம், தலைக்கு மேலே ஃபேன் சுற்றியும் ஒரே புழுக்கம். காணிக்கைப் பாட்டு, மெதுவான, கண்ணீர் வரவைக்கிற பாட்டு. இரண்டாவது சரணத்தில் இருந்தோம். நான் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. திடீரென்று உள்ளேயிருந்து மேளம் கிளம்பியது. சாதாரண மேளமில்லை, ஊர்வலத்தில் அடிக்கிற குத்து மேளம்.

அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் ஏந்தி நடுப்பாதையில் மெல்ல வந்துகொண்டிருந்த தம்பதிக்குக் கால் தானாக வேகமெடுத்தது. முன்வரிசைப் பிள்ளைகள் தோளைக் குலுக்கினார்கள். நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் வேகம் கூடியது. கடைசியில் மாஸ்டர் பாய்ந்து போய் வயரைப் பிடுங்கினார். அமைதியான கோயிலில், “கயித கீபோர்டு!” என்று அவர் முணுமுணுத்தது வாசல்வரை கேட்டது. ஃபாதர் தோள் குலுங்க முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மறுநாள் கடைக்கு போன் பண்ணினேன். விற்பனைப் பையன் நல்ல மாதிரியாகத்தான் பேசினான். “கொண்டாங்க மேடம், மூணாவது பீஸ் தர்றோம். இல்ல, அதே விலைக்கு வேற எதுவேணா எடுத்துக்கோங்க. பணமா திருப்பிக் குடுக்குற பழக்கம் இல்ல. பில்லுலயே போட்ருக்கு பாருங்க.”

பார்த்தேன். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லின் அடியில் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த மாதிரி ஒரு வரியைப் பார்த்தால் அதற்கு மேல் பேசத் தெரியாதவள் நான். ரேஷன் கடையிலும் சரி, துணிக்கடையிலும் சரி, சரிங்க என்று திரும்பி வந்தே பழக்கம். ஆனால் இது என் ஒருத்தி காசில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், அரசாங்கத்தின் நுகர்வோர் உதவி எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார். மேளக் கதையைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு சின்ன இருமல். சிரிப்பை அடக்குகிறார் என்று புரிந்தது.

“ஒரு தடவை மாத்திக் குடுத்து, அதுவும் கெட்டுப்போச்சுன்னா, மூணாவதையும் வாங்கிப் பாருங்கன்னு அவங்க உங்களைக் கட்டாயப்படுத்த முடியாதுங்க,” என்றார். “பணத்தைத் திருப்பிக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு.”

“ஆனா பில்லுல போட்ருக்காங்களே?”

“வாங்கின பொருள் பிடிக்கலன்னு திருப்பிக் குடுக்குறது வேற. பொருளே சரியில்லன்னு திருப்பிக் குடுக்குறது வேற. குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. முதல்ல நேர்ல போய் கேளுங்க. மாட்டேன்னா எழுத்துல புகார் குடுங்க, நாங்க கடைக்கு அனுப்புவோம். அதுக்கு மேல நுகர்வோர் ஆணையம் இருக்கு. பயப்படாம கேளுங்க.”

அந்தக் கடைசிச் சொல்லைத்தான் நான் நாள் முழுக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

மாஸ்டருக்கு நம்பிக்கையில்லை. “இன்னாம்மா நீ, போன்ல ஒருத்தவங்க சொல்ட்டாங்கன்னு கடைக்கார பாய் துட்ட எட்த்து நீட்டிருவாரா?” என்றார். ஆனாலும் சனிக்கிழமை நான் அரைநாள் லீவு போட, மதியம் அவரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார். கூடவே குழுவில் கை காலியாக இருந்த நாலைந்து பேரும். ஷேர் ஆட்டோவில் கீபோர்டுப் பெட்டி எங்கள் மடிகளுக்குக் குறுக்கே படுத்திருந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, “அதுக்கும் ஒரு சீட்டு காசு குட்க்கணும்,” என்றார். “அது நிக்காத மேளம் அடிக்கும் நைனா, ஏத்திகினு போறதுக்கு நீதான் குட்க்கணும்,” என்றார் மாஸ்டர்.

கடை நல்ல குளிராக இருந்தது. வெளியே உருகிக்கொண்டிருந்த தார் ரோட்டிலிருந்து உள்ளே வந்ததும் எல்லார் முகமும் தெளிந்துவிட்டது. கடைக்காரர் கல்லாவில் இருந்தார். வெள்ளைத் தாடி, இஸ்திரி கலையாத சட்டை. நாங்கள் பாய் என்று கூப்பிட, அவர் எங்களை வாங்க வாங்க என்று உட்காரச் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன். “வாசிச்சுக் காட்டுங்க சிஸ்டர், பாக்கலாம்,” என்றார்.

காணிக்கைப் பாட்டை வாசித்தேன். மேளம் வரவில்லை. இன்னொரு தரம் வாசித்தேன். வரவில்லை. ஆமென் என்று முடிக்கும்வரை கீபோர்டு உபதேச வகுப்புப் பிள்ளை மாதிரி ஒழுங்காக இருந்தது. விற்பனைப் பையன் புன்னகையோடு கையைக் கட்டிக்கொண்டான். வேகப்பாட்டு வாசித்தேன். மாஸ்டர் கூடப் பாடினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இயர்போன் வாங்க வந்த இரண்டு பெண்கள் வாங்குவதை விட்டுவிட்டு எங்கள் பக்கம் வந்து நின்றார்கள். பாய் மெதுவாக ஒரு பழைய பாட்டின் மெட்டை முணுமுணுத்து, “இது வருமா?” என்று கேட்டார். அதையும் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். கீபோர்டோ அசையவில்லை.

“நல்லாத்தானே இருக்கு மேடம்,” என்றான் பையன்.

“டேய், எங்கள இன்னா பொய் சொல்றவங்கன்னு நெனைச்சிகினியா?” என்று மாஸ்டர் எழுந்தார். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். சரிங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாமா என்ற பழைய எண்ணம் எட்டிப் பார்த்தது.

அப்போது பாய்தான் கேட்டார். “உங்க கோயில்ல ஏசி இருக்கா சிஸ்டர்?”

“இல்ல பாய். ஃபேன்தான். ரொம்ப வெக்கையா இருக்கும்.”

“இங்க ஏசி ஓடுது.” அவர் எழுந்தார். “டேய், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ எடு. இத்த வெளிய வைக்கலாம்.”

கடை வாசலில் இளநீர் விற்பவர் தன் வண்டியின் ஒரு பக்கத்தை ஒதுக்கிக் கொடுத்தார். காய்களுக்கு நடுவில் கீபோர்டை வைத்தோம். சித்திரை வெயில் நேராக அதன் முதுகில் அடித்தது. கறுப்புக் கட்டைகள் விரலைச் சுட்டன. நான் நின்றுகொண்டே காணிக்கைப் பாட்டை ஆரம்பித்தேன். முதல் சரணம் போயிற்று. போகிறவர்கள் நின்றார்கள். துணிப்பையோடு ஒரு குடும்பம், மூட்டை தூக்குகிறவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண். பாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சரணத்தின் நடுவில் மேளம் விழுந்தது.

“வந்துட்ச்சி!” என்று மாஸ்டர் போட்ட கூச்சலில் கூட்டமே கத்தியது. மூட்டைக்காரர் ஒருவர் தலைத்துண்டை உதறிவிட்டு இரண்டு அடி போட்டார். இடுப்புக் குழந்தை கை தட்டியது. இளநீர்க்காரர் அரிவாளின் பின்பக்கத்தால் வண்டிப் பலகையில் தாளம் போட்டார். நான் நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். சொன்னபடியே வேகம் கூடியது, ஆட்டமும் கூடியது. மாஸ்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கியேவிட்டார். பாய் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எவ்வளவோ வருஷத்துக்குப் பிறகு நடுரோட்டில் அப்படிச் சிரித்தேன்.

உள்ளே திரும்பி வந்ததும் எல்லாருக்கும் இளநீர் வந்தது. பையன், “இதே மாடல்ல வேணாம், வேற கம்பெனி காட்டட்டுமா?” என்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உதவி எண்ணில் பேசிய பெண் சொன்னதை அப்படியே சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது என் சொந்தப் பேச்சுதான்.

“வேணாம் பாய். ஒண்ணு மாத்தினோம், அதுவும் குறையாப் போச்சு. இனிமே இன்னொண்ண வச்சுப் பாக்க எங்களால முடியாது. பணத்தத் திருப்பிக் குடுங்க. பில்லுல என்ன போட்ருந்தாலும், பொருள் சரியில்லன்னா சட்டம் எங்க பக்கம்தான்.”

ஒரு வார்த்தை விடாமல் முழுசாகச் சொல்லி முடித்தேன்.

பாய் தாடியைத் தடவினார். “நீங்க சண்ட போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன்,” என்றார். “நியாயத்தக் கேக்குறீங்க. வெயில்ல கொதிச்சா வேலை செய்யாத சாமான இந்த ஊர்ல வித்து என்ன பிரயோஜனம்? டீலர்கிட்ட நான் பேசிக்கிறேன். அவன் தந்தாலும் தராட்டியும் உங்க பணம் உங்களுக்கு.” அங்கேயே போனில் அனுப்பிவிட்டார். என் போன் டிங் என்றதும் மாஸ்டர், “ஷோக்கா கீது பாய் உங்க மனசு!” என்று அவரைக் கட்டிக்கொண்டார். கட்டியதில் சட்டை இஸ்திரி போய்விட்டது.

வெளியே வந்ததும் யாருக்கும் வீட்டுக்குப் போக மனமில்லை. ரோட்டோரக் கடையில் பர்மா அத்தோ வாங்கி நின்றபடியே சாப்பிட்டோம். “தங்கச்சி, நீ பேசுறப்ப எனக்கே கொஞ்சம் பயமாயிட்ச்சின்னு வச்சிக்கோயேன்,” என்றார் மாஸ்டர் வாய் நிறைய நூடுல்ஸோடு. வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் நம்பவில்லை. “நீயா கேட்ட?” என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் ஆமாம் என்று சொல்வதில் எனக்கு அலாதி சுகம்.

அதற்கப்புறம் பூசை முடிந்து வருகிறபோது யாராவது ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிடுவது வழக்கமாயிற்று. கொருக்குப்பேட்டையிலிருந்து வருகிற ஒரு அக்காவுக்கு மிக்சி, கிரேன் ஓட்டுகிற ஒரு அண்ணனுக்கு செருப்பு. “பில் இருக்கா?” என்பதுதான் என் முதல் கேள்வி. ஃபாதர்கூட ஒருநாள் சரியாகச் சுடாத இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்தார். பில்லை எங்கே வைத்தாரென்று இன்றுவரை அவருக்கு ஞாபகம் வரவில்லை.

புதுநன்மை நாளுக்குள் வேறொரு கீபோர்டு வந்துவிட்டது. அன்றைக்கும் கோயில் கொதித்தது. வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் வேர்த்து விறுவிறுத்து வரிசையாக வந்தார்கள். ஒரு சின்னப் பெண், தலையில் சூடியிருந்த பூக்கிரீடம் கண்ணை மறைக்க, அதை ஒரு விரலால் தூக்கிவிட்டுக்கொண்டே நடந்தாள். நான் பாட்டின் கடைசி வரியை முடித்துக் கையை எடுத்தேன். கீபோர்டு நின்றது. மாஸ்டர் மட்டும் நிற்கவில்லை. கடைசி ஸ்வரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்துக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், அவர்களைப் பெற்றவர்களும் சிரித்தார்கள். அவர் மூச்சு தீரும்வரை நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம்.