கண்ணாடிக்குள் இருந்த ராஜா

தம்பி பெங்களூரிலிருந்து ஒரு பார்சல் அனுப்பியிருந்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற அட்டைப்பெட்டி. பிரித்தால் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை, இரண்டு முனையிலும் பசை. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அலமாரிக் கதவுக்குப் போடுகிற பூட்டாம். சாவி கிடையாது. பெரியவர்கள் அழுத்தினால் திறக்கும், பிள்ளைகள் அழுத்தினால் திறக்காது என்று அட்டையில் படம் போட்டிருந்தது. நானும் அழுத்திப் பார்த்தேன். திறக்கவில்லை. இந்த வயதிலும் என்னைப் பிள்ளைகள் கணக்கில் சேர்த்த ஒரே பொருள் அதுதான்.

"அக்கா, சனிக்கிழமை பையனைக் கூட்டிட்டு வாரேன். அந்த ஷோகேஸுக்கு அதை ஒட்டி வெச்சிரு. கண்டதுலயெல்லாம் கை வெப்பான்" என்று போனில் சொன்னான். கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்து பிறந்தவன் அவன் பிள்ளை. கதிர். நாலு வயது. பிறந்ததிலிருந்து இந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. வராததற்குக் காரணம் பிள்ளையல்ல, தம்பிதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

பசையின் மேல் இருந்த தாளை உரித்தேன். ரப்பரும் பெட்ரோலும் கலந்தாற்போல ஒரு வாடை. அந்தப் பசைக்கு உண்மையிலேயே அந்த வாடைதானா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. மூக்கு பொய்க்காரி. தனக்கு வேண்டியதைத்தான் மோந்துகொள்ளும். என் மூக்குக்கு அன்று பஞ்சர் சொல்யூஷன் வேண்டியிருந்தது.

அது அப்பாவின் வாடை. அப்பா லாரி டிரைவர். நாமக்கல்லில் இதைச் சொன்னால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். "உங்கப்பா எங்கடா?" என்று டீச்சர் கேட்டால் பாதி வகுப்பு நாகபுரி என்றும் இந்தூர் என்றும் கான்பூர் என்றும் சொல்லும். பூகோளத்தில் நாங்கள் கெட்டி. அப்பாவைத்தான் சரியாகத் தெரியாது. வண்டி முக்கு திரும்பும்போது ஏர் ஹாரன் இரண்டு முறை அடிக்கும். மூன்றாம் முறைக்குள் தம்பி தெருவில் நிற்பான். அப்பா இறங்கும்போது கையில் பழைய ஹிந்திச் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருக்கும்.

ஆக்ராவின் பளிங்குத் தாஜ்மகால், உள்ளே கடுகளவு பல்பு. காஷ்மீரத்து மரப்படகு. விஜயவாடாப் பக்கத்து மாட்டுவண்டி. கல்கத்தாவின் களிமண் மாம்பழம். அசலை விட அழகு, அசலைப் போலவே வாயில் எச்சில் ஊறவைக்கும். சன்னபட்டணத்து மரரயில், மூன்று பெட்டியும் ஒரு எஞ்சினும், மெழுகு போல வழவழப்பு. இவை எல்லாமே விளையாட்டுச் சாமான்கள் என்பதைக் கவனித்தீர்களா? நாங்கள் கவனித்தோம். எங்களுக்கென்று வாங்கியவை எங்கள் கைக்கு வந்ததில்லை. பொட்டலம் அம்மா கைக்குப் போகும், அம்மா கையிலிருந்து ஷோகேஸுக்குப் போகும்.

அந்த ஷோகேஸ் லாரிப் பாடி கட்டுகிற பட்டறையில் மிச்ச மரத்தில் செய்தது. இரண்டு கண்ணாடிக் கதவு. லாரி நெற்றியில் எழுதுகிற பெயிண்டர்தான் அதற்கும் வர்ணம் அடித்தார் என்பதால் மேல்பலகையில் இரண்டு தாமரையும் ஒரு கிளியும் இருக்கும். நல்லவேளை, 'ஹாரன் அடி' என்று எழுதாமல் விட்டார். உள்ளே ஒவ்வொரு தட்டிலும் பாச்சை உருண்டை. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா தலைக்குக் குளித்து, அப்பாவின் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொன்றையும் துடைப்பாள். நானும் தம்பியும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்க்கலாம்.

"கண்ணுல பாக்கோணும். கையில பாக்கப்படாது" என்பாள்.

தெருவில் யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் எங்கள் ஷோகேஸைக் காட்டக் கூட்டிவருவார்கள். மாட்டுவண்டிக்கு விலை கேட்டவர்கள்கூட உண்டு. அம்மா தரமாட்டாள். பக்கத்து வீட்டு அத்தைக்கு அதில் எரிச்சல். ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "லாரிக்காரன் பொண்டாட்டிக்கு என்னுங்க கொறை? ஊட்டுல புருசன் இல்லாட்டிப் போவுது, பொம்மை இருக்குதல்லோ!"

அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பதில் சொன்னாள்: "பொம்மை வந்திருக்குதுன்னா புருசன் வந்துட்டுப் போயிருக்கறார்னுதானுங்க அர்த்தம்."

எனக்கு அப்போது அது புரியவில்லை. டிரைவர்மார்களுக்கு ரோட்டோரம் இன்னொரு அடுப்பு எரியும் என்று ஊரே சிரித்துப் பேசிய காலம். அந்தச் சிரிப்பைத் தடுக்க அம்மாவிடம் இருந்தது அந்த ஒரு கண்ணாடிதான். ஒவ்வொரு பொம்மையும் அப்பா வீடு திரும்பியதற்கு ஒரு சாட்சி. சாட்சியை யாராவது விளையாடக் கொடுப்பார்களா?

தம்பிக்கு ஐந்து வயதில் அது நடந்தது. அம்மா மாவு மில்லுக்குப் போயிருந்தாள். நான் கோலப்பொடி சலித்துக்கொண்டிருந்தேன். உள்ளே 'கூ' என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் தம்பி மரரயிலைத் தரையில் ஓட்டிக்கொண்டு குப்புறப் படுத்திருந்தான், கன்னம் தரையில் ஒட்ட. அவ்வளவு சந்தோஷமான முகத்தை அதன்பின் அவனிடம் நான் பார்த்ததில்லை. ரயில் கட்டில் காலில் இடித்தது. எஞ்சின் சக்கரம் ஒன்று கழன்று உருண்டது. அவன் அதை எடுத்து டவுசர் பையில் போட்டுக்கொண்டு ரயிலை இருந்த இடத்திலேயே வைத்தான். ஐந்து வயதுத் திருடனுக்கு அதற்கு மேல் யோசனை வராது.

வெள்ளிக்கிழமை எஞ்சின் சாய்ந்து நின்றது.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. அடுப்பில் கரண்டியைக் காய்ச்சி எடுத்து வந்து அவன் வலது மணிக்கட்டில் வைத்தாள். வைத்த மறுகணம் அவனை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, "கை வெக்காதீன்னு சொன்னனல்லோ சாமீ, சொன்னனல்லோ" என்று அவனை விடச் சத்தமாக அழுதாள். அந்தத் தழும்பு இன்றும் வாட்ச் வாருக்குக் கீழே இருக்கிறது. கோடைக்காலத்தில்கூட முழுக்கை சட்டை போடுகிறவன் என் தம்பி.

அப்பா வந்தார். மணிக்கட்டைப் பார்த்தார். சக்கரத்தையும் பார்த்தார். "அட, இதுக்கா? ரெண்டு சொட்டு சொலூசன் வெச்சாப் போச்சு" என்று வண்டிக்குப் போய் டூல்ஸ் பெட்டியிலிருந்து டியூபை எடுத்து வந்தார். மூடியைத் திறந்ததும் வீடு முழுக்க அந்த வாடை. தம்பி அழுகையை நிறுத்திவிட்டு அப்பாவின் தொடையில் சாய்ந்துகொண்டான்.

"ஒட்டுப்போட்ட சாமான் என்ற ஊட்டுல வேண்டாமுங்க" என்றாள் அம்மா.

"ஒட்டுனதே தெரியாது புள்ள."

"எனக்குத் தெரியுமல்லோ."

ரயிலைப் பெட்டி பெட்டியாக அடுப்பில் வைத்தாள். மெழுகு வர்ணம் பச்சையும் நீலமுமாக எரிந்தது. அப்பா டியூபின் மூடியைத் திருகி மூடினார். பிறகு அம்மா கேட்டபடியே கண்ணாடிக் கதவுக்குக் கொண்டி அடித்து, டூல்ஸ் பெட்டியின் பூட்டையே கழற்றிப் பூட்டினார். சாவி அம்மாவின் தாலிக்கொடியில் ஏறியது. ஒரு வீட்டுக்குள் ஒரு மனிதருக்குச் செய்வதற்கு வேலையே இல்லாமல் போகிற கணத்தை நான் பார்த்தேன் என்று இப்போது சொல்கிறேன். அன்று வர்ணம் எரிவதைத்தான் வேடிக்கை பார்த்தேன்.

அதன்பின் ராஜஸ்தானத்திலிருந்து ராஜா வந்தார். மரத்தலை, முறுக்கு மீசை, ஜரிகை அங்கி, ஆட்டுவிக்கக் கயிறு. அம்மா பொட்டலத்தை உதறிப் பார்த்தாள்.

"ஏனுங்க, ராணி எங்கீங்க? இது சோடியாத்தான இருக்கும்?"

"வர்ற வழியில ஒடஞ்சு போச்சு."

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ராஜாவை நடுத்தட்டில் தனியாக நிறுத்திப் பூட்டினாள். வெள்ளிக்கிழமைகளில் அவரை மட்டும் கடைசியாகத் துடைப்பாள்.

எனக்கு வேலை கிடைத்து, தம்பி பெங்களூர் போய், அப்பாவின் வருகை மாதக்கணக்கிலிருந்து வருடக்கணக்குக்கு நழுவிய பிறகு ஒரு நாள் என் ஆபீசுக்குப் போன் வந்தது. இளம்பெண் குரல். "ஓமலூர்ல இருந்து பேசறேனுங்க. அப்பாவுக்குக் கைகால் வரலை. உங்களப் பாக்கணுங்கறாரு." யாருடைய அப்பா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். "போயிட்டு வா" என்றாள், கீரை ஆய்ந்துகொண்டே.

ஓமலூரில் சந்தைக்குப் பின்னால் சின்ன ஓட்டு வீடு. அப்பா கட்டிலில் கிடந்தார். கட்டிலுக்கு அடியில் ஒரு மூங்கில் கூடை. உட்கார்ந்ததும் என் கண்ணில் பட்டது அதுதான். தூண் முறிந்த தாஜ்மகால். பல்தடம் பதிந்த களிமண் மாம்பழம். யாரோ ஒரு குழந்தை அதை அசல் என்று நம்பிக் கடித்திருக்கிறது. அம்மா எரித்ததைப் போலவே இன்னொரு மரரயில், சக்கரம் மாற்றியது. மேலே, தலைமயிர் முழுக்கப் பிய்ந்து போய், ராணி. முறிந்த கையை டியூப் ரப்பர் துண்டு வைத்து ஒட்டியிருந்தது.

போனில் பேசிய அந்தப் பெண் நான் பார்ப்பதைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தாள். "எல்லாம் நான் ஒடச்சதுங்க. அப்பா வர்றப்பல்லாம் ஒக்காந்து ஒட்டிக் குடுப்பாரு. அவரு வரட்டும்னே ஒடச்சு வெப்பேன்."

அவள் அம்மா டீ டம்ளரை நீட்டினாள். என் முகத்தைப் பார்க்காமல், "கொழந்தைங்க இருக்கற ஊட்டுல ஒடையத்தானுங்களே செய்யும்" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் திருப்பிக் குத்தியிருப்பேன்.

அப்பாவின் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனேன். "அம்முணி... அந்தப் பூட்டு... இன்னும் இருக்குதா?"

"இருக்குதுங்கப்பா."

கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான் நாங்கள் பேசியது.

வீடு திரும்பியபோது அம்மா உடம்பு எப்படி என்று கேட்கவில்லை. அந்தப் பொம்பளை எப்படி என்றும் கேட்கவில்லை. "ராணி அங்கதான் இருக்குதா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"நல்லா வெச்சிருக்கறாளா?"

"இல்லீங்கம்மா. ஒடஞ்சு கெடக்குது. ஒட்டுப்போட்டு வெச்சிருக்கறாங்க."

அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஜெயித்தவளின் வெளிச்சம். "பாத்தியா? நான் ஒண்ணைக்கூட ஒடைய உட்டதில்ல" என்றாள். அப்பா ஓமலூரிலேயே போய்ச் சேர்ந்தார். செய்தி வந்தது வெள்ளிக்கிழமை. அம்மா தாலிக்கொடியிலிருந்து சாவியை எடுத்து ஷோகேஸைத் திறந்து, எல்லாவற்றையும் துடைத்தாள்.

இப்போது அம்மாவும் இல்லை. பூட்டு துருப்பிடித்து, அறுத்துத்தான் எடுத்தேன். முக்கில் ஏர் ஹாரன் கேட்பதில்லை. வண்டிகள் ஊருக்குள் வராமல் பைபாஸில் போய்விடுகின்றன. குழாயடி போயிற்று, அந்த அத்தையின் நாக்கும் போயிற்று. ஓமலூர் வீட்டை இடித்துக் கடை கட்டிவிட்டார்கள். அந்தப் பெண், என் தங்கை என்று சொல்ல வேண்டியவள், எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரியாது. அன்று அவள் நம்பரை நான் வாங்கவில்லை. சாமான் பிரிக்கும்போது தம்பியிடம் ஷோகேஸ் வேண்டுமா என்று கேட்டேன். சட்டைக் கையை மேலே இழுத்துத் தழும்பைக் காட்டினான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இந்த வாசலுக்கு அவன் வராததற்குக் காரணமும் அதுதான்.

அவன்தான் பூட்டு அனுப்புகிறான்.

சனிக்கிழமை வந்தார்கள். கதிர் செருப்பைக் கழற்றியதும் நேரே ஷோகேஸுக்குத்தான் போனான். இரண்டு உள்ளங்கையும் கண்ணாடியில், மூக்கும் கண்ணாடியில். அவன் மூச்சில் ராஜா மங்கி மங்கித் தெரிந்தார். பிறகு கதவைப் பிடித்து இழுத்தான். பட்டை பிடித்துக்கொண்டது. இன்னும் பலமாக இழுத்தான்.

"டேய்! கை வெச்சீன்னா கரண்டியைக் காய்ச்சிருவேன்!"

தம்பிதான். குரல் அம்மாவுடையது. இடது கை தானாகப் போய் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

நான் போய் அந்தப் பட்டையைப் பிய்த்தேன். அழுத்தித் திறக்க எனக்குத் தெரியாது என்றுதான் சொன்னேனே. வார்னிஷையும் உரித்துக்கொண்டு வந்தது. ராஜாவை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தேன்.

"அக்கா, ஒடச்சிருவான்."

"ஒடைக்கட்டும்."

கதிர் முகத்தைச் சுளித்தான். "ச்சீ, நாத்தம்." பாச்சை உருண்டை. ஆனாலும் விடவில்லை. கயிற்றைப் பிடித்து ஆட்டினான். ஒருமுறை குதித்தார் ராஜா. இத்தனை வருடத்தில் அந்த ஒருமுறைதான். இற்றுப்போன நூல் அறுந்து, தலை தனியாகத் தரையில் உருண்டது. ஜரிகை பொடியாக உதிர்ந்தது.

பிள்ளை அழவில்லை. தலையை ஒரு கையிலும் உடம்பை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு தன் அப்பாவிடம் போனான்.

"ஒட்டிக் குடுங்கப்பா" என்றான்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒட்டத் தெரியாது.