மழையில்லாத நாளில் அடித்த மணி

எங்கள் தோட்டத்தில் மழை மணி அடிப்பது என் வேலையாக இருந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்துக்கு நான் பொறுப்பு. மடுவம் மேட்டில் இருந்ததால் மேற்கு மலையைத் தாண்டி வரும் மழை முதலில் அதன் வாசலில்தான் தெரியும். பலா மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை நான் அடித்தால், பால் வெட்டுகிறவர்கள் சிரட்டைகளில் வடிந்த றப்பர் பாலை அவசரமாக வாளியில் சேர்த்துக்கொண்டு ஆற்றோரத்து ஸ்டோருக்கு ஓடுவார்கள். மழைத்தண்ணீர் கலந்த பால் வீண். அதனால் அந்த மணிக்கு யாரும் யோசிப்பதில்லை. கால் தானாக ஓடும்.

மடுவத்துக் கொப்பியில் குழந்தைகளின் வரவை மட்டும் எழுதினால் போதும் என்பார்கள். நான் காலநிலை, மணி அடித்த நேரம், யாருக்குக் காய்ச்சல், எந்தத் தாய் எத்தனை மணிக்குப் பால் கொடுக்க வந்தாள் என்பதையும் எழுதி வைத்தேன். வீட்டில் தனியாக ஒரு நாட்குறிப்பும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

போர் முடிவதற்கு இரண்டு ஆண்டுகள் இருக்கும்போது டவுன் பொலிஸ் எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கும் சேர்த்து ஒரு விழிப்புக் குழு அமைத்தது. கோவில் முன்றலில் கூட்டம் நடந்தது. வேலையாட்களை மேற்பார்க்கும் பெரிய கங்காணி தலைவர். ரோட்டு வளைவில் தேநீர்க்கடை வைத்திருந்த சிங்கள அம்மா கிராமத்தின் சார்பில் வந்தார். அவரை நாங்கள் கடை அக்கா என்போம். எழுத்து வேலை என் தலையில் விழுந்தது. பொலிஸ் தரப்பில் எங்களுக்கு ஒதுக்கப்பட்டவர் ஐம்பது வயது சார்ஜன் ஒருவர். தமிழை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவார்.

அந்த நாட்களில் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் திருட்டு போய்க்கொண்டிருந்தது. முதலில் ஒரு ரேடியோ, பிறகு ஒரு சோடித் தோடு, அதற்குப் பிறகு கல்யாணத்துக்கு எடுத்து வைத்த இரண்டு சேலைகள். குழு முதல் மூன்று வாரம் டோர்ச் லைட்டோடு இரவில் சுற்றியது. திருட்டு மூன்றுமே பட்டப்பகலில், ஆட்கள் மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தவை என்பதைக் கூட்டத்தில் நான் வாசித்துக் காட்டிய பிறகுதான் டோர்ச்சை வைத்தார்கள். பூட்டு ஒன்றும் உடைக்கப்படவில்லை. எங்கள் லயங்களில் சாவியைக் கதவு நிலைக்கு மேலே வைத்துவிட்டுப் போவது வழக்கம். யாருக்கும் தெரியாத இடம் என்று ஒவ்வொரு வீட்டாரும் நினைத்திருந்தார்கள்.

சார்ஜன் கேட்டார்: பகலில் லயத்தில் இருக்கும் வளர்ந்த ஆண் யார்? ஒருவர் ஒரு பெயரைச் சொன்னார், இரண்டு பேர் ஆமென்று தலையாட்டினார்கள். என் தம்பி. கொழும்பில் கடை வேலையில் ஏணியிலிருந்து விழுந்து கை முறிந்து, கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுக்கொண்டு என்னோடு வந்து தங்கியிருந்தான். வயது இருபத்தொன்பது. அவன் பெயரை அந்தக் கூட்டக் குறிப்பில் எழுதியது என் கைதான். எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் கூட்டத்தில் சொன்னதை விட்டு எழுதும் பழக்கம் எனக்கில்லை.

அடுத்த நாளிலிருந்து அவன் தினமும் காலையில் பொலிஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. அந்தக் காலத்தில் தமிழ்ப் பெயர் ஒன்று பொலிஸ் புத்தகத்தில் ஏறினால் இறங்குவது எளிதல்ல. வழக்குப் போட்டால் கொழும்புக் கடையும் போய்விடும். அதையெல்லாம்விட அவனைச் சுட்டது வேறொன்று. லயத்தில் எல்லாரும் சாவியை நிலையிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். அவன் வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒருநாள் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான். “அக்கா, நீங்களும் அப்பிடித்தான் நெனைக்கிறீங்களா?”

“நெனைச்சிருந்தா ஒனக்கு மீன் பொரிச்சுப் போடுவேனா? சாப்பிடு” என்றேன்.

அன்று மத்தியானம் குழந்தைகள் தூங்கிய பிறகு கொப்பியை எடுத்தேன். திருட்டு நடந்த மூன்று நாட்களையும் தேடினேன். மூன்று பக்கத்திலும் ஒரே வரி இருந்தது: மழை மணி. ஒன்றில் ஒன்பது பத்து, மற்றதில் ஒன்பது நாற்பது, மூன்றாவதில் பத்து ஐந்து. அந்த மாதங்களில் வேறு நாட்களிலும் மணி அடித்திருந்தேன். அப்போது திருட்டு இல்லை. கிழமைகளைப் பார்த்தேன். திருட்டு நடந்தவை இரண்டு செவ்வாய், ஒரு வெள்ளி. மணியடித்தும் ஒன்றும் போகாத நாட்கள் மற்றக் கிழமைகள்.

யோசித்தபோது காரணமும் தெரிந்தது. சாதாரண நாளில் ஒன்பது மணிக்குத் தாய்மார் பால் கொடுக்க வருவார்கள், யாராவது தேத்தண்ணி குடிக்க வீட்டுக்கு ஓடி வருவார்கள். மழை மணி அடித்துவிட்டால் எல்லாரும் ஸ்டோரில் பால் நிறுக்க வரிசையில் நிற்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு லயத்தில் காலடி கேட்காது. என் தம்பிகூட வாசலை விட்டுவிட்டு, மழைக்கு முன் குழந்தைத் துணிகளை எடுக்க மடுவத்துக்கு ஏறி வந்துவிடுவான். மூன்று நாளும் வந்திருந்தான். அதுவும் கொப்பியில் இருந்தது.

கொப்பியைக் கொண்டுபோய்ச் சார்ஜனிடம் கொடுத்தேன். அவர் கடைசி விஷயத்தில் விரலை வைத்தார்.

“இது ஒங்க தம்பி. இது ஒங்க எழுத்து. கோட்டுல இது நிக்காது, மிஸ்.”

“தம்பியப் பத்தி எழுதினத விடுங்க மாத்தியா. மழை எனக்குச் சொந்தக்காரன் இல்லையே. ஸ்டோர்ல பால் நிறுத்த நேரம் அவங்க புத்தகத்துலயும் இருக்கும். ஒத்துப் பாருங்க.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஒத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளில் மடுவத்துக்கே வந்து சேர்ந்தார். ஸ்டோர்ப் புத்தகம் கொப்பியோடு நிமிடக் கணக்கில் ஒத்துப்போனதாம். கடை அக்காவிடமும் விசாரித்திருந்தார். செவ்வாய், வெள்ளியில் கடைக்கு வரும் வெளியாட்கள் மூவர்: பாண் வண்டிக்காரர், லொத்தர்ச் சீட்டு விற்பவர், வெற்றுப் போத்தல் வாங்குபவர். மூவரில் ஒருவரைப் பிடித்து விசாரிக்கலாமே என்றார் கூட வந்திருந்த பெரிய கங்காணி. சார்ஜன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“சந்தேகத்துல ஒருத்தன் பேர் எழுதினது போதும். இந்தத் தடவ கண்ணால பாப்பம். மழை இல்லாம மணி அடிக்க ஏலுமா?”

நான் பொய் மணி அடித்ததே இல்லை. பெரிய கங்காணிக்குப் பால் கவலை: அரை வடிப்பில் எல்லாரும் எடுத்துவிட்டால் தோட்டத்தை நடத்தும் தொரைக்கு என்ன பதில் சொல்வது? சார்ஜனே பங்களாவுக்குப் போய் அனுமதி வாங்கி வந்தார். செவ்வாய்க்கிழமை என்று முடிவாயிற்று. அன்று காலை பெரட்டில், அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், பெரிய கங்காணி எல்லாருக்கும் சொல்வார்: இன்று மணி கேட்டால் யாரும் பால் எடுக்கக் கூடாது, சத்தமில்லாமல் லயத்துப் படிகளுக்கு வர வேண்டும். தம்பி எட்டு மணிக்கே பொலிஸில் போய் உட்கார வேண்டும் என்பது சார்ஜனின் யோசனை. பொலிஸாரின் கண் முன்னாலேயே உட்கார்ந்திருப்பவனை யார் குற்றம் சொல்ல முடியும்?

செவ்வாய். மேற்கே கொஞ்சம் மூட்டம், மழை இல்லை. சார்ஜன் சீருடையை மாற்றிக்கொண்டு மடுவத்துக்குள் தொட்டில்களுக்கு நடுவே சிறு பலகையில் உட்கார்ந்தார். ஒன்பது மாதக் குழந்தை ஒன்று அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எடுத்துவிட்டால் அழுதது. விட்டுவிடுங்கள் என்றேன். ஜன்னல் வழியாகக் கீழ் லயம் முழுவதும் தெரிந்தது.

ஒன்பது இருபத்தைந்துக்கு மணி அடித்தேன்.

பிறகு மலையைப் பார்த்தபோது தலையில் கை வைத்துக்கொண்டேன். பெரட்டில் அவ்வளவு சொல்லியும் பாதிப் பேர் சிரட்டைகளைக் கவிழ்த்துப் பாலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாளியும் கையுமாக ஸ்டோருக்கு ஓடுகிறார்கள். பெரிய கங்காணி கையை விரித்துக்கொண்டு பின்னால் ஓடுகிறார். ஆண்டுக்கணக்காக அந்த மணிக்கு ஓடிய கால்கள், காலையில் காதில் விழுந்த சொல்லைக் கேட்கவில்லை. எல்லாம் கெட்டது என்று நினைத்தேன்.

கெடவில்லை. வளைவில் கடைக்கு முன்னால் நின்று பார்த்தவனுக்கு ஓடும் வாளிகள்தான் தெரிந்தன. மழை மணி மழை மணிதான் என்று நம்பினான். ஏழு நிமிடத்தில், தோளில் சாக்கோடு, கீழ்ப் பாதையால் ஏறி வந்தான். போத்தல்காரன். என் மடுவத்திலும் எத்தனையோ பால்மாப் போத்தல் வாங்கிப் போனவன். ஆறாவது வீட்டு நிலைக்கு மேலே கையை விட்டுத் தடவினான். அந்த வீட்டுக்காரி சார்ஜன் கேட்டுக்கொண்டபடி அன்று சாவியை அங்கே வைத்திருந்தாள். கதவு திறந்தது.

சார்ஜன் விரலை மெதுவாக உருவிக் குழந்தையை என்னிடம் தந்துவிட்டு இறங்கினார். அவரைக் கண்டதும் அவன் சாக்கைப் போட்டுவிட்டுக் கீழ்ப் படிகளுக்கு ஓடினான். அங்கே சொன்னதைக் கேட்ட மற்றப் பாதி நின்றது: பதினான்கு பெண்கள், இடுப்பில் பால்வெட்டுக் கத்தி. யாரும் கத்தியைத் தொடவில்லை. ஆறாவது வீட்டுக்காரி மட்டும் ஒரு படி மேலே வந்தாள்.

“என்னாங்க அண்ணே, போத்தல நாங்க வெளியில தானே அடுக்கி வெச்சிருக்கோம். உள்ள என்னா தேடுனீங்க?”

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் கடை அக்கா மூச்சு வாங்க ஏறி வந்தார். கையில் பாதி குடித்த தேநீர்க் கிளாஸ். மணி அடித்ததும் இவன் இதை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான், சாட்சிக்கு வேண்டியிருக்கும் என்று கழுவாமல் கொண்டுவந்தேன் என்று சிங்களத்தில் சார்ஜனிடம் சொன்னார். சார்ஜன் கிளாஸை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டார். அவன் அறையிலிருந்து ரேடியோவும் தோடும் அன்று மத்தியானமே கிடைத்தன. சேலைகள் மட்டும் கிடைக்கவில்லை.

ஸ்டோருக்கு ஓடியவர்கள் விஷயம் கேட்டு வெட்கத்தோடு வந்தார்கள். “நீங்க ஓடலன்னா அவன் வந்திருக்கவே மாட்டான்” என்று சார்ஜன் சொன்னதும், அவர்களே பிடித்தது போல நிமிர்ந்துகொண்டார்கள். அரை வடிப்புப் பாலைப் பற்றித் தொரை கேட்கவேயில்லை என்று பெரிய கங்காணி ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தம்பி நாலு இருபது பஸ்ஸில் வந்து இறங்கினான். கையெழுத்துப் புத்தகத்தில் அவன் பெயருக்கு நேரே சார்ஜன் சிவப்பு மையால் கோடு போட்டு, அவனிடமே காட்டி, தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருந்தார். லயத்தில் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருவர் பலாப்பழம் கொண்டுவந்து வைத்தார். கூட்டத்தில் முதலில் அவன் பெயரைச் சொன்னவர் அவர்.

புதன் காலை, பெரட்டுக்குப் போகும் நேரம். ஆறாவது வீட்டுக்காரி எங்கள் வாசலில் நின்று இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“தம்பி, மழை வந்தா எங்க வீட்டு உடுப்பக் கொஞ்சம் உள்ள எடுத்துப் போடு. ஒத்தக் கையால முடியும் தானே?”

“முடியும் அக்கா” என்றான்.

அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் நின்றார்கள். நான் மடுவத்துக்குக் கிளம்பும்போது, முறியாத கையின் விரல்களில் அவன் சாவிகளைக் கோத்து வைத்திருந்தான். எண்ணினேன். அன்றைய பக்கத்தில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: புதன். வெயில். பிள்ளைகள் இருபத்திரண்டு. மணி அடிக்கவில்லை. தம்பியிடம் ஏழு வீட்டுச் சாவி.