மாமாவுக்காக அப்பா ஓடிய ஓட்டம்

எங்கள் தாய்மாமாவைக் கடைசியாக அவுட்டாக்கியது எந்த பௌலரும் இல்லை, எங்கள் அப்பாதான். அதுவும் எதிரணியில் நின்று அல்ல.

தொண்ணூறுகளில் கோச்சடையில் மட்டை பிடித்த எல்லோருக்கும் மாமாவைத் தெரியும். வைகையின் காய்ந்த மணலில் நின்று தூக்கி அடித்தார் என்றால் பந்து கரைத் தென்னைகளைத் தாண்டும். அதைத் தேடப் போனவன் திரும்புவதற்குள் ஆளுக்கொரு டீ குடித்துவிடலாம். பிறகு முழங்கால் போயிற்று. அடிக்க முடியும், ஓட முடியாது. அதனால் கடைசி இரண்டு வருடமும் அவருக்குப் பை-ரன்னர் அப்பா. மாமா அடிப்பார்; தள்ளி நிற்கும் அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவார். அப்பா ரன் அவுட் ஆனால் வெளியேற வேண்டியது மாமா.

சமயநல்லூரில் நடந்த போட்டிக்கு நானும் போயிருந்தேன். அடுத்த மாதம் தம்பிக்குக் காதுகுத்து. மாமா மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பந்து பட்டு அந்தக் கால் இன்னும் கெட்டுப்போனால் தம்பியை எங்கே உட்கார வைப்பது என்று எனக்குக் கவலை. படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. இந்தக் கவலைப்படுகிற குணம் மட்டும் எந்த வகுப்பிலும் நிற்கவில்லை.

முதல் பந்து மட்டையில் படவில்லை. இரண்டாவதும் படவில்லை.

"அண்ணே, மட்டைய இன்னும் நல்லா வீசுங்கண்ணே, காத்து பத்தல, இங்கிட்டு வேர்க்குது!" என்றான் எதிரணிப் பையன் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஓவர் முடிந்ததும் நொண்டிக்கொண்டே அப்பாவிடம் போய் ஏதோ சொன்னார். அப்பா முடியாது என்று தலையாட்டினார்.

அடுத்த ஓவரில் ஒரு பந்து எப்படியோ மட்டையில் பட்டுச் சாலைக்கே போய்விட்டது. ஒரே விசில். மாமா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை, அப்பாவைத்தான் பார்த்தார். அடுத்த பந்தை லேசாகத் தட்டிவிட்டு, "வாங்க மச்சான்!" என்றார். அப்பா பாதி தூரம் ஓடினார். நட்டநடுவில் நின்று கைலியை அவிழ்த்துக் கட்டினார். ஸ்டம்பு பறந்தது.

"பொண்ணு குடுத்த வீட்டுக்கு இதாய்யா மரியாதை?" என்று எங்கள் அணிக்காரரே கத்தினார். அப்பா கைலியை இறுக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

நாங்கள் வருமுன்பே சேதி வீட்டுக்கு வந்திருந்தது.

"எம்புட்டு பேரு முன்னாடி என் தம்பிய தலகுனிய வச்சிட்டீக!" அம்மா அதைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். இனி மாமா நம் வாசலை மிதிக்க மாட்டார், தம்பிக்கு மடி இல்லை என்று நான் அழவே ஆரம்பித்துவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமா வந்தார். கையில் காளவாசல் கடைப் பரோட்டாப் பொட்டலம். அப்பாவை ஒட்டி உட்கார்ந்து, சால்னாவை முதலில் அப்பா தட்டில் ஊற்றினார்.

"மொதல்லயே சொன்னேன்ல மச்சான், நின்னுருங்கன்னு. ரெண்டு ரெண்டாத் தெரியிற பந்த நான் எம்புட்டு நேரந்தான் அடிக்கிறது?"

"கேட்ட ஒடனே நிக்க மனசு வருமா மாப்ள? அம்புட்டு சிக்ஸரையும் பார்த்தவன்ல நானு."

"எப்படியோ, அந்தப் பொடிப்பயகிட்ட போல்டு ஆகாம வந்துட்டேன். இனி நிம்மதியாத் தூங்குவேன்."

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவே இல்லை. "காதுகுத்துக்கு வருவீகள்ல மாமா?" என்று கேட்டேன்.

"நான் வராம ஒன் தம்பி வேற யாரு மடியில ஒண்ணுக்குப் போவான்?"

அப்பாடா என்றிருந்தது. சண்டை இல்லை, எனக்கு அது போதும். ஆனால் மத்தியானம் அந்தப் பேச்சுப் பேசிய அம்மா, அடுப்படியிலிருந்து வந்து, தன் பங்குப் பரோட்டாவையும் அப்பா தட்டில் ஏன் வைத்தாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.