ஷமீமாவோட குவில்ட்டில் என் தையல்

மாமல்லபுரத்துல துண்டுத் துணில குவில்ட் போர்வை தைக்கக் கத்துக் கொடுத்துட்டு, செங்கல்பட்டு பஸ்ல திரும்பிட்டிருந்தேன். திருக்கழுக்குன்றத்துல ஷமீமா ஏறினா. போன பேட்ச்ல என்கிட்ட படிச்சவ.

பக்கத்துல உக்காந்ததுமே கேட்டா. "அக்கா, கண்காட்சில வெச்ச என் குவில்ட்டு ஓரத்தை நீங்கதான பிரிச்சுத் தச்சீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

ஆமா. கோணலா இருக்கேன்னு, கண்காட்சிக்கு முந்தின நாள் அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம, நாலு ஓரத்தையும் பிரிச்சு நானே தச்சேன். ஊர் ஊராப் போய் "கைத்தையல்னா கோணல்தான் அழகு"ன்னு கிளாஸ் எடுக்கறவளும் நான்தான்.

"எப்படிம்மா கண்டுபுடிச்ச?"

"நான் லெஃப்ட் ஹேண்டுக்கா. என் ஹெம்மிங் தையல் அந்தப் பக்கம் சாயும். இது இந்தப் பக்கம் சாஞ்சிகினு கீது. வூட்ல எல்லாரும் ஓரத்தைப் பாத்துதான் சூப்பருன்னாங்க. பேஜாராப் பூடுச்சு."

நான் ஸாரி சொல்றதுக்குள்ள அவளே சொன்னா. "வுடுக்கா. உங்க தையலைப் பிரிச்சுட்டு என்னுதையே போட்டுட்டேன்."

தப்பாப் போனா தயங்காம பிரிங்கன்னு முதல் கிளாஸ்ல சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

என்கிட்ட படிச்ச மத்தவங்க யாராவது இதைப் படிச்சா, உங்க குவில்ட் ஓரத்தையும் ஒரு தடவை எடுத்துப் பாத்துடுங்க.