அம்மா நீட்டிய ஒரு செம்பு கூழ்

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து நாட்றாம்பாளையம் போய்வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. சினிமாவில் அப்பா வேடம் போடும் என் அண்ணன், காலமாகிவிட்ட எங்கள் அம்மாவைப் பற்றி ஒரு சிறப்பு மலருக்கு எழுதியிருந்தான். ‘ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் தப்பில் பிறந்தவர்கள் நாங்கள்’ என்பது முதல் வரி. அன்று மாலை ஆறு மணிக்கு அச்சுக்குப் போகிறது. அதற்குள் உண்மை தெரிந்தாக வேண்டும்.

கதை ஐம்பதுகளில் நடந்தது. எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள், சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், அதாவது எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ மாட்டார்கள். நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். மத்தூரிலிருந்து அப்பா வீட்டார் வந்த அன்று, அம்மாவின் தாய்மாமன் ‘இது எனக்கு உரிமைப் பொண்ணு’ என்று வாசலில் நின்றுவிட்டார். பேச்சு முறிந்தது. வந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அப்போது பதினேழு வயது அம்மா, ஒரு செம்பு கூழைக் கொண்டுவந்து அப்பாவின் அப்பாவிடம் நீட்டினாள். அவர் விடுவாரா, குடித்துவிட்டார். சம்பந்தம் முடிவாகிவிட்டது. தெரியாமல் செய்துவிட்டாள் என்று ஊரே சொன்னது. அம்மா கடைசிவரை அதை மறுக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து அந்தத் தாய்மாமனுக்கு அம்மாவின் தங்கையைக் கட்டிவைத்தார்கள். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து கிடையாது. அண்ணன் எழுதியது சரியென்றால், அம்மா அப்பாவோடு வாழ்ந்ததெல்லாம் ஒரு கைப்பிசகா? அதைச் சொல்ல உயிரோடிருப்பவர் அந்தச் சித்தி ஒருவர்தான். கதவையாவது திறப்பாரா என்று பயந்துகொண்டேதான் கிளம்பினேன்.

காலை 6.40க்கு ஓசூரில் பஸ். தேன்கனிக்கோட்டை சுமார் 25 கிலோமீட்டர். அங்கே அஞ்செட்டி பஸ் மாறினேன். காட்டுக்குள் பாதி வழியில் பஸ் நின்றது. “முன்னாடி யானை நிக்குது, யாரும் எறங்காதீங்க,” என்றார் டிரைவர். ஐம்பது நிமிடம். குழந்தைகள்கூட வாயைத் திறக்கவில்லை. எனக்கு யானை பயத்தைவிட கடிகார பயம் அதிகம். அஞ்செட்டியில் ஆட்டோவுக்கு 350 ரூபாய். யார் வீடு என்று கேட்ட ஆட்டோக்காரர், அந்தம்மா கோபக்காரராச்சே என்று வேறு சொல்லிவைத்தார்.

11.15க்குப் போய்ச் சேர்ந்தேன். சித்தி ராகி புடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அம்மாவின் முகம், அதனால் யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே அண்ணன் எழுதியதைப் படித்துக் காட்டினேன். சித்தி முறத்தைக் கீழே வைத்தார்.

“அறியாமயா? அவ என்னைக் கேட்டா. ‘ஏண்டி, அவங்க கை நனைச்சா மாமன் என்ன பண்ண முடியும்?’னு. ஒண்ணும் பண்ண முடியாதுன்னேன். எனக்குப் பன்னெண்டு வயசு. கூழை ஊத்திக் குடுத்ததே நான்தான்.”

சித்தி மேலே சொன்னார். எல்லோரும் திட்டத் திட்ட, அம்மா ஒன்றும் தெரியாதவள் மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாளாம். சித்தி இதைப் புருஷனிடம் கடைசிவரை சொல்லவில்லை.

“அவமேல கோவம், மாமன்கிட்ட என்னை மாட்டி விட்டதுக்கு இல்ல பாப்பா. என்னையும் கூட்டு சேத்துக்கிட்டு, ஒரு நாள்கூட வந்து பாக்கல.”

அம்மாவுக்காக நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் உள்ளே போய்க் களி கிண்டினார்.

அஞ்செட்டி திரும்பித்தான் சிக்னல் கிடைத்தது. மணி 4.20. அண்ணனைக் கூப்பிட்டுச் சித்தி சொன்னதைச் சொன்னேன். “நாப்பது வருசமா நடிக்கறேன். ஒரு ஊரே நம்பற மாதிரி ஒருநாளும் நடிச்சதில்ல,” என்றான். முதல் வரியை எடுத்துவிட்டான்.

நீங்களும் இப்படி ஏதாவது தேடிப் போவதானால் சில விஷயம். காட்டுப் பாதையில் இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். பஸ் நேரத்தை அஞ்செட்டியிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியவர்களிடம் அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். நான் அம்மாவிடம் கேட்கவில்லை, அது இன்னும் உறுத்துகிறது. சாப்பாடு கட்டிக்கொண்டு போக வேண்டாம்.

அன்று நான் கிளம்புமுன் சித்தி வட்டிலில் களி போட்டு, கை கழுவச் செம்பில் தண்ணீர் நீட்டினார். கை நனைத்தேன். அர்த்தம் தெரிந்துதான்.