கழுவிக் கொடுத்த போத்தல்கள்

மூன்று மாதமாக எங்கள் வீட்டு வெறும் போத்தல்களைக் கழுவி, லேபல் உரித்து, நிறம் பிரித்து, வீடு வீடாகப் பழைய போத்தல் சேர்க்க வரும் போத்தல்காரரிடம் கொடுத்துவந்தேன்.

“நிறம் கலந்தா பக்டரியில எடுக்கமாட்டாங்கள் அக்கா. உருக்கிப் புதுப் போத்தல் செய்யிறதெல்லோ” என்பார்.

இன்று வவுனியாச் சந்தைக்குப் போகும் குறுக்கு ஒழுங்கையை மறித்து யாரோ புது மதில் கட்டியிருந்தார்கள். மேலே போத்தல் துண்டுகள். ஒன்றில், எங்கள் மண்ணெண்ணெய்ப் போத்தலுக்கு நான் வைத்த சிவப்புப் பெயின்ற் பொட்டு!

கீழே நம்முடைய போத்தல்காரர்தான் குந்தியிருந்து மிச்சத்தை உடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணை இது?”

“கள்ளர் ஏறாமல் இருக்கத்தான். தொடாதேங்கோ அக்கா, கையை வெட்டிப்போடும்.”

சந்தைக்குச் சுற்றித்தான் போனேன்.

ஆனால் மனுசன் சொன்ன சொல் தவறவில்லை. வெள்ளை, பச்சை, மண்ணிறம் என்று பக்கம் பக்கமாக, கலக்காமல்தான் பதித்திருக்கிறார்கள்.

அவருக்குப் போத்தல் கொடுத்த மற்றவர்களே, உங்களுடையது எந்தப் பக்கம்?