சத்தக் கொப்பி

போன வருடம் வைகாசி மாதம், யாழ்ப்பாணத்தில் சண்டிலிப்பாய்ப் பக்கம் உள்ள எங்கள் ஒழுங்கையில் நடந்தது இது. இருபத்தாறு வருடமாக நாட்குறிப்பு எழுதி வருகிறேன். அதனால் கிழமை, நேரம் எல்லாம் சரியாகவே சொல்ல முடியும். நடந்ததற்கெல்லாம் காரணமும் அந்தப் பழக்கம்தான்.

அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்பது. எங்கள் பகுதி உள்ளூராட்சி அலுவலகத்தில் தபால் பிரிவில் வேலை. வருகிற கடிதங்களைப் பிரித்து, திகதி முத்திரை குத்தி, பதிவேட்டில் வரிசை எண் போட்டு, உரிய மேசைக்கு அனுப்புவேன். உயர்தரப் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டதால் பல்கலைக்கழகம் போகக் கிடைக்கவில்லை. பிறகு வேலை, கல்யாணம், மகளின் படிப்பு என்று காலம் போய்விட்டது. மகளும் கல்யாணமாகிக் கொழும்புக்குப் போன பிறகு, இணையவழியில் படிப்பிக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்தேன்.

சேர்வதற்கு முன்னர் ஆயத்தத் தேர்வு ஒன்றில் சித்தியடைய வேண்டும். ஆங்கில வாசிப்பு, சாதாரண கணிதம், தனியாகப் படிக்கும் பழக்கம் பற்றிய சில கேள்விகள் என்று மொத்தம் இரண்டு மணித்தியாலம். குறித்த திகதிக்குள், நாமே தெரிவுசெய்கிற நேரத்தில் வீட்டிலிருந்தே எழுதலாம். கணினியின் கமராவும் ஒலிவாங்கியும் முழு நேரமும் திறந்திருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவைதான் தேர்வுக்குத் தோற்றலாம். தவறினால் அடுத்த வருடம். அடுத்த வருடம் எனக்கு ஐம்பது. ஐம்பதில் மறுபடி விண்ணப்பிக்கிற துணிவு வருமா என்பது எனக்கே நிச்சயமில்லை.

கணவரைத் தவிர வேறு யாருக்கும் இதைச் சொல்லவில்லை. தோற்றுப்போனால் ஒழுங்கை முழுவதும் தெரிந்துவிடும் என்ற வெட்கம்தான் காரணம். பஸ் சாரதியாக இருந்து ஓய்வு பெற்ற அவரிடம், "ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது" என்று சொல்லி வைத்தேன். "நானோ? செத்தாலும் சொல்லன்" என்றார்.

தேர்வின் கடைசித் திகதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது பல்கலைக்கழகம் தந்த மாதிரித் தேர்வை எழுதிப் பார்த்தேன். நாலாவது கேள்வியில் திரையின் மூலையில் ஒரு சிவப்புக் கோடு துடிக்கத் தொடங்கியது. 'பின்னணிச் சத்தம் உள்ளது' என்ற எச்சரிக்கை. ஒழுங்கை முகப்பில் இருக்கிற மில்லில் யாரோ மிளகாய் அரைக்கிறார்கள். அது ஓய, பக்கத்து வீட்டு வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் மோட்டர் தொடங்கியது. அதுவும் ஓய, பாணும் பணிஸும் விற்கிற பாண் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. சிவப்புக் கோடு அடங்கவேயில்லை. விதிகளில், சத்தம் பதிவானால் தேர்வு பரிசீலனைக்கு உட்படும் என்று இருந்தது. மூன்று தரம் வாசித்தேன். செல்லுபடியற்றதாக்கி விடுவார்கள் என்றே விளங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் புதுக் கொப்பி ஒன்று எடுத்து ஐந்து நிரல் கீறினேன். நேரம், சத்தம், எங்கிருந்து, எவ்வளவு நேரம், குறிப்பு. நிச்சயமாக அமைதியாக இருக்கக்கூடிய இரண்டு மணித்தியாலத்தைக் கண்டுபிடிப்பதுதான் திட்டம். வேலை நாட்களில் காலையும் பின்னேரமும் நானே குறித்தேன். மத்தியானங்களைப் பார்க்க அரைநாள் லீவு ஐந்து எடுத்தேன். எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் வாசல் படலையடிக்குப் போய்ப் பார்ப்பேன். சில நாள் மில்லடி மட்டும் நடந்து போய், கையில் மணிக்கூட்டைப் பார்த்து எழுதிவிட்டுத் திரும்புவேன்.

எழுத எழுத எனக்குத் தேர்வே மறந்துபோய் அந்தக் கொப்பியில் ஒரு ருசி பிடித்துவிட்டது. மில்லில் மிளகாய் போட்டால் ஒரு சத்தம், அரிசி போட்டால் இன்னொரு சத்தம். கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டரின் சுருதி ஏறிக்கொண்டே போகிறது. பாண் வண்டி எங்கள் வளைவுக்கு ஒவ்வொரு நாளும் மூன்று ஐம்பதுக்கு வருகிறது, இரண்டு நிமிடம் கூடாது, குறையாது. இருபத்திரண்டு வருடம் இதே ஒழுங்கையில் இருந்தும் இதில் ஒன்றும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டாவது கிழமையில்தான் விசித்திரம் தொடங்கியது. மில் மத்தியானம் இரண்டு மணிக்கு நின்றது, நாலு மணிக்குத்தான் மறுபடி ஓடியது. அடுத்த நாளும் அப்படியே. பாண் வண்டி எங்கள் படலையைப் பாட்டில்லாமல் கடந்து, வளைவுக்கு அங்கால் போய்ப் பாட்டைப் போட்டது. பக்கத்து வீட்டு மோட்டர் பகலில் கேட்கவேயில்லை. விடிய முன்னர் எங்கோ கனவில் கேட்பதுபோல் கேட்டு, நான் எழும்புவதற்குள் நின்றுவிடும். 'காரணம் தெரியவில்லை' என்று குறிப்பு நிரலில் எழுதினேன். ஒரே பக்கத்தில் ஆறு இடத்தில் அந்த வசனம் இருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் கதைப்பதையும் விட்டுவிட்டார். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். வெயிலின் களைப்பு என்று நினைத்தேன்.

"இஞ்சேருங்கோ, ஒழுங்கைக்கு என்ன நடந்தது?" என்று கணவரிடம் கேட்டேன்.

"உமக்குச் சத்தம் இருந்தாலும் கவலை, இல்லாட்டிலும் கவலை. அதிர்ஷ்டம் எண்டு நினைச்சுக்கொண்டு படியும்" என்றார்.

எனக்கு அட்டவணை குழம்புகிறதே என்ற கவலையும் இருந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் புதன்கிழமை பின்னேரம் இரண்டிலிருந்து நாலு வரை என்று முடிவு வந்தது. லீவு போட்டேன். அன்று கணவர் படலையடி மாமரத்தின் கீழ் கதிரை போட்டுக் காவல் இருந்தார்.

அப்படி ஓர் அமைதியை அந்த வீட்டில் நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை. சுவர் மணிக்கூட்டின் முள் நகர்வது கேட்டது. சிவப்புக் கோடு ஒரு தரம்கூட வரவில்லை. வாசிப்பு முடிந்தது, கணிதம் முடிந்தது. கடைசிப் பகுதியில் ஒரு கேள்வி. 'உங்களுக்கு விளங்காத ஒன்று வந்தால் எவ்வளவு விரைவில் மற்றவரிடம் கேட்பீர்கள்?' நாலு விடைகள். 'உடனடியாக' என்பதைத் தெரிவுசெய்துவிட்டு, யோசிக்காமலே அடுத்த கேள்விக்குப் போனேன்.

மறுநாள் வியாழக்கிழமை. அலுவலகத்தில் காலைத் தபாலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஏழாவது உறை, மண்ணிறம், அனுப்புநர் பெயர் இல்லை. உள்ளே கொப்பித்தாளில் வடிவான கையெழுத்து.

'ஐயா, தங்கள் அலுவலகப் பெண் ஊழியர் ஒருவர் கடந்த மூன்று கிழமையாக எங்கள் ஒழுங்கையில் நின்று மில், தண்ணீர் மோட்டர், பாண் வண்டி ஆகியவற்றின் நேரங்களைக் கொப்பியில் எழுதி வருகிறார். எங்களுக்கு எதிராகப் பெட்டிசன் ஆயத்தமாகிறது என்று அஞ்சுகிறோம். அவருக்கு நாங்கள் ஒரு கெடுதலும் செய்ததில்லை.' கீழே, 'ஒழுங்கை வாசிகள்.'

முதல் வாசிப்பில் யாரோ ஒரு பெண்ணைப் பற்றித்தான் வாசித்தேன். இரண்டாம் தரம்தான் அது நான் என்று விளங்கியது.

எங்கள் ஊரில் பெட்டிசன் என்றால் என்னவென்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. வேலிக்கு, வாய்க்காலுக்கு, கோழிக்கூட்டுக்கு என்று கிழமைக்கு எத்தனையோ என் கையால்தான் பதிவாகின்றன. மில்லுக்கு அனுமதி கொடுக்கிற அலுவலகத்தில் வேலை செய்கிற ஒருத்தி, மில்லடியில் நின்று மணிக்கூட்டைப் பார்த்து எழுதினால் ஊர் என்ன நினைக்கும்? அந்த மூன்று கிழமையில் இந்தக் கேள்வி ஒரு தரமும் எனக்கு வரவில்லை.

கடிதம் என் கையில் இருந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. கிழித்துக் கூடைக்குள் போட்டிருந்தால் முடிந்திருக்கும். முத்திரை குத்தினேன். வரிசை எண் போட்டேன். விடய நிரலில் 'அலுவலக ஊழியருக்கு எதிரான முறைப்பாடு' என்று எழுதினேன். என் எழுத்து அன்று கொஞ்சம் சரிந்துதான் இருக்கிறது.

மேலதிகாரியிடம் நானே கொண்டுபோனேன். வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உது ஆர், உமக்குத் தெரியுமோ?"

"நான்தான், சேர்."

நடந்ததைச் சொன்னேன். தேர்வு விசயத்தை வெளியில் முதன்முதலாகச் சொன்னது அவரிடம்தான். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் இருமினார். "பேரில்லாத கடிதத்துக்கு நடவடிக்கை இல்லை. ஃபைலிலை போடும். ஒஃபிசிலை உது முடிஞ்சுது" என்றவர், நான் கதவடிக்குப் போகும்போது, "வீட்டடியிலை?" என்று கேட்டார்.

பின்னேரம் கொப்பியையும் எடுத்துக்கொண்டு நேரே மில்லுக்குப் போனேன். மில்கார அண்ணை வாசலில் நின்றார். பக்கத்து வீட்டு அக்காவும் மல்லிப் பையோடு மர வாங்கில் இருந்தார். என்னைக் கண்டதும் அண்ணை மெசினை நிற்பாட்டினார்.

"வாங்கோ தங்கச்சி. நாலு இருபது. எழுதுங்கோ."

"எழுத வரேல்லை, அண்ணை. ஒரு விசயம் சொல்ல வந்தனான்."

"என்னத்தைச் சொல்லுறது? ரெண்டிலை இருந்து நாலு மட்டும் பூட்டித்தான் வைச்சிருக்கிறன். நீங்கள் அந்த நேரத்திலைதானே கூடுதலா வந்து நிண்டனீங்கள். இன்னும் என்ன செய்யச் சொல்லுறியள்?"

தேர்வு, ஒலிவாங்கி, சிவப்புக் கோடு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. "உந்த வயசிலை சோதினையோ? நல்ல கதை. உங்கடை மனிசனிட்டை என்னத்துக்கு உந்தக் கொப்பி எண்டு கேட்டனான். 'அது வெளியிலை சொல்லேலாத விசயம்' எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டார்."

கணவர் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார்! வேறு வழியில்லாமல் கொப்பியை நீட்டினேன். அண்ணை நம்பாமல் பக்கத்தைப் புரட்டி, எழுத்துக்கூட்டுவதுபோல் உரத்து வாசித்தார்.

"'காலை ஆறு நாற்பது, நாய், கறுப்பு, காரணமில்லை, நாலு நிமிடம்.' நாய்க்கும் பெட்டிசனோ?" அடுத்த பக்கம். "'பகல் பதினொண்டே கால், காகங்கள், முருங்கை மரம், சண்டை. முடிவு தெரியவில்லை.'" அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதென்ன தங்கச்சி, கோர்ட்டுக்குக் காகத்தையும் கூட்டிக்கொண்டு போகப் போறியளோ?"

அக்காதான் முதலில் சிரித்தார். பிறகு அண்ணையும் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. ஆனால் அக்காவின் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது.

"கடிதம் எழுதினது நான்தான்" என்றார். "பேர் போடப் பயமாக் கிடந்தது."

"வடிவாய் எழுதியிருந்தியள், அக்கா" என்றுதான் எனக்குச் சொல்ல வந்தது.

"நாலு மணிக்கு எழும்பி, ரோச் லைற்றோடை தனிய நிண்டு வெங்காயத்துக்குத் தண்ணி மாறினனான். பாம்புக்குப் பயம், உனக்கும் பயம். வேலிக்கு அங்காலை இங்காலை இருவத்திரண்டு வருசம். நீ அப்பிடிச் செய்வாய் எண்டு நான் நினைச்சது பிழைதான். ஆனா சோதினை இருக்கு, ரெண்டு மணித்தியாலம் மோட்டரைப் போடாதையுங்கோ எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தா, நான் என்ன, மாட்டன் எண்டோ சொல்லியிருப்பன்?"

அண்ணையின் கையிலிருந்து கொப்பியை வாங்கி மூடினேன்.

அண்ணை பேச்சை மாற்றுவதற்காக, "அப்ப, பாஸோ?" என்று கேட்டார். இன்னும் தெரியாது என்றேன். "பெயிலானா எங்களிலை பிழை சொல்லக்கூடாது. ஊசி விழுந்தாலும் கேக்கிற மாதிரி வைச்சிருந்தனாங்கள்" என்றார்.

அன்றிரவே அந்தச் சத்த விதியைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் ஒன்று எழுதிக் கேட்டேன். இரண்டு வரியில் பதில் வந்தது. வெளியிலிருந்து வரும் மெசின், வாகனச் சத்தங்களால் தேர்வு பாதிக்கப்படாது. அறைக்குள் இன்னொருவர் கதைத்தால் மட்டும்தான் பார்ப்பார்களாம். கேட்க வேண்டிய முகவரி விதிகளின் அடியிலேயே இருந்தது. மூன்று தரம் வாசித்த எனக்கு அதுவும் கண்ணில் பட்டுத்தான் இருந்தது.

இரண்டு கிழமையில் பெறுபேறு வந்தது. சித்தி. இப்போது இரண்டாவது தவணை படிக்கிறேன். அக்கா பழையபடி வேலிக்கு மேலால் கதைக்கிறார். 'கம்பஸ் பிள்ளை' என்று கூப்பிட்டுப் பகிடி பண்ணுகிறார். பாண் வண்டிக்காரரிடமும் படலையடியில் மறித்துச் சொன்னேன், சிரித்துவிட்டுப் போனார். ஆனால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுதினால் அது பொய். மத்தியானத்தில் மிளகாய் கொண்டுவருகிற பக்கத்து ஊர்ப் பெண்கள் சிலர், மில் பூட்டியிருந்த நாட்களில் வேறு மில்லுக்குப் போய்ப் பழகிவிட்டார்கள். அவர்களில் மூன்று பேர் இன்னும் திரும்பி வரவில்லை. அண்ணை அதை ஒரு நாளும் எனக்குச் சொன்னதில்லை. நானாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

கொப்பி அலுமாரியில் இருக்கிறது. 'காரணம் தெரியவில்லை' என்று எழுதிய இடங்களுக்கு நேரே, உரியவர்களிடம் போய்க் கேட்டறிந்த காரணங்களைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். இப்போதும் பாடத்தின் நடுவில் ஒழுங்கை திடீரென்று அமைதியானால், புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய், என்ன நடந்தது என்று யாரையாவது கேட்டுவிட்டு வந்தால்தான் அடுத்த வரி எனக்குள் இறங்குகிறது.